இலக்கு என்பது எழுதித் தந்த கடன்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த எல்லைச் சிற்றூர் வேலந்தாவளம். செக்போஸ்டுக்கு இப்புறம் கேரளம், அப்புறம் தமிழ்நாடு. பேச்சில் இரு மொழிகள் கலந்து புழங்கினாலும், இருபுறத்து உழவரின் கவலையும் ஒன்றே: தண்ணீர். கேரளம் என்றவுடன் நினைவுக்கு வரும் பெருமழை இந்த மழைமறைவுப் பகுதியை எட்டுவதில்லை. இங்குள்ள தோட்டங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளை நம்பியே பிழைக்கின்றன.

அக்கிணற்றுக்குள் இறங்கும் ஜி.ஐ. குழாயைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது அதன்மேல் பூசிய துத்தநாகம். நம் நாட்டில் வெட்டியெடுக்கப்படும் துத்தநாகத்தின் பெரும்பகுதி இராஜஸ்தானின் ஆரவல்லி மலைத்தொடரிலிருந்து வருகிறது. மோட்டார் அறையின் சிமெண்ட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் மதுக்கரையிலோ வாளையாற்றிலோ வெட்டப்பட்டிருக்கலாம். குழாயின் இரும்பும் ஏதோ ஒரு மலையின் பகுதியே. சுரங்கம் காணாத வீடு என்று ஒன்று இல்லை.

அதனால்தான் சுரங்க, உலோக நிறுவனங்கள் தம் ஆண்டறிக்கைகளில் வெளியிடும் சுற்றுச்சூழல் இலக்குகள் நமக்கு அயலான செய்தி அல்ல. 'இந்த ஆண்டுக்குள் கரிம உமிழ்வைப் பாதியாக்குவோம்', 'எடுத்த நீரைப் பன்மடங்காகத் திருப்புவோம்' என்னும் வாக்குறுதிகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். நம் பரஸ்பர நிதியிலும் ஓய்வூதிய நிதியிலும் உள்ள பணத்தின் ஒரு பகுதி இந்நிறுவனங்களின் பங்குகளில் இருக்கக்கூடும். வங்கிகள் கடனும் தருகின்றன. ஆகவே அந்த வாக்குறுதிகளை எவ்வாறு படிப்பது என்பதை வாடிக்கையாளர் அறிந்திருப்பது நன்று. வங்கிக்குப் பழக்கமான ஓர் அளவுகோல் போதும்: இலக்கு என்பது எதிர்காலத்துக்கு எழுதித் தந்த கடன் பத்திரம். தொகை, தவணை, சாட்சி, தவறினால் நேர்வது ஆகியவை இல்லாத பத்திரத்தை எவரும் ஏற்பதில்லை.

மணக்கடவு தரும் பாடம்

நல்ல இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சித்தூர் வட்டத்து உழவர்கள் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் குறித்துத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், சித்தூர்ப் பாசனப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தரப்பட வேண்டும் என்கிறது. அந்த நீர் அளக்கப்படும் இடம் மணக்கடவு அணைக்கட்டு. கணக்கைப் பார்ப்பது இரு மாநில அதிகாரிகளும் அடங்கிய கூட்டு வாரியம்.

'போதிய நீர் தருவோம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ஒப்பந்தம் ஒரே கோடையில் பொருளிழந்திருக்கும். எவ்வளவு, எந்தக் காலத்துக்குள், எந்த இடத்தில், யார் அளப்பது என்னும் நான்கும் அதில் உண்டு. ஆகவேதான் நீர் குறையும் ஆண்டில் உரிமை கோரவும், வாதிடவும், கணக்குக் கேட்கவும் முடிகிறது. ஒரு சுரங்க நிறுவனத்தின் இலக்கையும் இந்த நான்கு கேள்விகளோடு அணுகினால் அதன் உறுதி உடனே புலப்படும்.

எதை அளப்பது

சுரங்கமும் உலோக ஆலையும் சுற்றுப்புறத்தைத் தொடும் வழிகள் பல. மலையும் காடும் வெட்டப்படுகின்றன. நிலத்தடி நீர் இறங்குகிறது. தாதுவைப் பிரித்தபின் எஞ்சும் கழிவுச் சேறு அணைகட்டித் தேக்கப்படுகிறது. உருக்காலைக்கு நிலக்கரி எரிகிறது. தொழிலாளியின் உயிருக்கும் உடலுக்கும் இடர் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கு பொருந்தாது. ஆகவே நிறுவனத்துக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் எது மிக முதன்மையானது என்பதைத் தேர்ந்தெடுப்பதே முதற்படி. வறண்ட நிலத்தில் இயங்கும் சுரங்கம் மரக்கன்று நட்ட எண்ணிக்கையை முதற்பக்கத்தில் அச்சிட்டு, நீர்க்கணக்கைப் பின்னிணைப்பில் வைத்தால், தேர்வு பிழைத்தது என்று கொள்ளலாம்.

கரிம உமிழ்வை மூன்று வகையாகப் பிரிப்பது உலக வழக்கம். நிறுவனத்தின் சொந்த உலையிலும் வாகனத்திலும் எரிபொருள் எரிவதால் வருவது முதல் வகை. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தால் வருவது இரண்டாம் வகை. மூலப்பொருள் தருவோர், சரக்கு ஏற்றும் லாரிகள், விற்ற பொருளைப் பயன்படுத்துவோர் ஆகியோர் வழியாக வருவது மூன்றாம் வகை. 'எங்கள் உமிழ்வு பாதியாகக் குறையும்' என்னும் வரியைக் கண்டால், எந்த வகை உமிழ்வு என்று கேட்பது வாசகரின் முதற்கடமை.

மொத்தத்திலா, டன்னுக்கா

இரு நிறுவனங்களின் இலக்குகளை ஒப்பிட்டால் இன்னொரு நுட்பம் விளங்கும்.

1966இல் மத்திய அரசு நிறுவனமாகத் தொடங்கிய இந்துஸ்தான் ஜிங்க், 2002இல் தனியார் நிர்வாகத்துக்கு மாறியது. உதய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம், 2020ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு முதலிரு வகை உமிழ்வுகளை 2030க்குள் 50 விழுக்காடும், மூன்றாம் வகையை 25 விழுக்காடும் குறைப்பதாகவும், 2050க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாகவும் உறுதி கூறியுள்ளது. அறிவியல் அடிப்படையிலான இலக்குகளைச் சரிபார்க்கும் பன்னாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் அளித்துள்ளது. இது மொத்த அளவைக் குறைக்கும் இலக்கு. உற்பத்தி எவ்வளவு பெருகினாலும் வானில் கலக்கும் கரிமத்தின் மொத்தம் குறைந்தாக வேண்டும்.

சேலம் மாவட்டம் பொட்டனேரியிலும் ஆலை நடத்தும் ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீல் வைத்துக்கொண்ட இலக்கு வேறு வகையானது. 2020 நிதியாண்டில் ஒரு டன் கச்சா எஃகுக்கு 2.52 டன்னாக இருந்த கார்பன் டை ஆக்சைடை, 2030 மார்ச்சுக்குள் 1.95 டன்னாகக் குறைப்பது அதன் உறுதி. இது உற்பத்தி அளவையொட்டிய இலக்கு. இதன் விளைவை ஓர் எளிய கணக்கில் காணலாம். ஒரு கோடி டன் எஃகு, டன்னுக்கு 2.52 என்னும் வீதத்தில் 2.52 கோடி டன் கரிமத்தை வெளியிடும். உற்பத்தி இரண்டு கோடி டன்னாகி வீதம் 1.95 ஆனால், மொத்தம் 3.90 கோடி டன். இலக்கு நிறைவேறியிருக்கும், வானத்துக்குச் சென்ற சுமையோ கூடியிருக்கும்.

இதனால் இரண்டாவது முறை பொய்யானது என்று கூறுவதற்கில்லை. வீடும் பாலமும் இருப்புப்பாதையும் இன்னும் கட்ட வேண்டிய நாட்டில் எஃகு உற்பத்தி வளர்ந்தே தீரும். ஒவ்வொரு டன்னையும் தூய்மையாக்குவது உண்மையான முன்னேற்றம். 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் வெளியிட்ட பசுமை எஃகு வரையறையும் டன்னளவையே பின்பற்றுகிறது: முடிவுற்ற எஃகு டன்னுக்கு உமிழ்வு 2.2 டன்னுக்குக் குறைந்தால்தான் அதற்குப் பசுமை என்னும் பெயர், 1.6 டன்னுக்கும் கீழ் வந்தால் ஐந்து நட்சத்திரம். ஆனால் எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதை அறியாமல் இரு நிறுவனங்களின் விழுக்காடுகளை அருகருகே வைப்பது, தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் ஒன்றென்று கொள்வது போன்றது.

நீர்க்கணக்கில் இடம் எது

வேலந்தாவளத்தைப் போலவே நீர் அருமையான நிலம் மேவார். அங்குள்ள துத்தநாகச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் நீர் இல்லாமல் இயக்கம் இல்லை. இந்துஸ்தான் ஜிங்க் 2014இல் உதய்ப்பூரில் நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்தது. நாளொன்றுக்கு 2 கோடி லிட்டரில் தொடங்கிய அதன் கொள்திறன் பின்னர் 6 கோடி லிட்டராக உயர்ந்தது. ஏரிகளில் கலக்கவிருந்த சாக்கடை நீர் சுத்திகரிக்கப்பட்டு ஆலைக்குச் செல்கிறது. அந்த அளவுக்கு நன்னீர் மிஞ்சுகிறது. ஜாவர் சுரங்கத்தில் கழிவுச் சேற்றிலிருந்து நீரைப் பிழிந்தெடுத்து, எஞ்சியதை உலர்ந்த நிலையில் அடுக்கும் முறையும் வந்தது. இவை கண்ணால் காணத்தக்க பணிகள்.

அதே நிறுவனம் 2025க்குள் 'ஐந்து மடங்கு நீர் மிகை' நிலையை எட்டுவதாக இலக்கு வைத்தது. தான் நுகரும் நீரைப்போல் ஐந்து பங்கு நீரை மழைநீர்ச் சேகரிப்பு முதலிய பணிகளால் திருப்பித் தருவதே இதன் பொருள். பல ஆண்டுகள் 2.41 மடங்கு என்றும், 2025இல் 3.32 மடங்கு என்றும் அது அறிவித்தது. முன்னேற்றம் உண்டு, ஐந்து எட்டப்படவில்லை. ஓர் அறிக்கையை மட்டும் படிப்பவர் 3.32 என்னும் எண்ணைக் கண்டு மகிழ்வார். ஐந்தாண்டுக்கு முந்தைய அறிக்கையையும் உடன்வைத்துப் படிப்பவரே இரண்டையும் காண்பார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. மேற்கே மலையில் பெய்யும் மழை வேலந்தாவளத்துக் கிணற்றில் ஊறுவதில்லை என்பதை இங்குள்ள ஒவ்வொருவரும் அறிவர். அதுபோல, ஒரு தாலுகாவில் கட்டிய தடுப்பணை வேறொரு தாலுகாவில் இறங்கிய நீர்மட்டத்தை ஈடு செய்யாது. நிறுவனம் முழுமைக்குமான கூட்டுத்தொகை மிகையாக இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட சுரங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் பற்றாக்குறை நிலவ முடியும். 2022 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பில்வாரா மாவட்டத்துச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் புகார் மீது, மீட்புப் பணிகளுக்காக 25 கோடி ரூபாய் செலுத்துமாறு இதே நிறுவனத்துக்கு ஆணையிட்டது. நிறுவனம் முழுவதற்குமான சான்றிதழும் குறிப்பிட்ட ஊர்களின் முறையீடும் ஒரே காலத்தில் நிலவக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆகவேதான் மணக்கடவைப் போல் ஓர் அளவிடம் வேண்டும்.

தவறினால் என்ன நேரும்

கடன் தவணை தவறினால் அபராத வட்டி உண்டு. இலக்கு தவறினால்? பெரும்பாலான அறிக்கைகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. விதிவிலக்காக ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீலின் இலக்கைக் கூறலாம். 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் வெளிநாட்டில் 50 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. மேலே கூறிய 1.95 டன் இலக்கை எட்டத் தவறினால், பத்திரத்தின் எஞ்சிய காலத்துக்கு வட்டி 0.375 விழுக்காட்டுப் புள்ளி உயரும் என்பது நிபந்தனை. ஆண்டுக்கு 18.75 இலட்சம் டாலர் கூடுதல் செலவு. அத்தகைய நிறுவனத்துக்கு இது பெருந்தொகை அன்று. எனினும், வாக்குறுதிக்கு விலை குறிக்கப்பட்டுவிட்டது; அவ்வாறு குறித்தது கடன் தந்தவர்களின் சந்தை.

முதலீட்டாளர் கேட்டால் தொழில் மாறும் என்பதற்குத் துயரமான சான்றும் உண்டு. 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாதின்யோவில் இரும்புத்தாதுச் சுரங்கத்தின் கழிவுச் சேற்று அணை உடைந்து 270 பேர் உயிரிழந்தனர். அதன்பின் பன்னாட்டுச் சுரங்க அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், பொறுப்பான முதலீட்டுக் கொள்கைகளுக்கான அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2020 ஆகஸ்டில் கழிவு அணைகளுக்கான உலகத் தரநெறியை வெளியிட்டன. மூன்றாவது அமைப்பு ஓய்வூதிய நிதிகள் உள்ளிட்ட முதலீட்டாளர்களுடையது. மாதந்தோறும் சிறுகச் சேமித்தவர்களின் பணமே அங்குக் கேள்வி கேட்டது.

சுரங்கம் மூடிய பிறகு

கரிமத்துக்கு 2050 என்று நாள் குறிப்பவர்கள், சுரங்கத்துக்கும் ஓர் இறுதிநாள் உண்டு என்பதை மறத்தலாகாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்துக் குதிரேமுக இரும்புத்தாது நிறுவனம் 1976இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். தேசியப் பூங்காவாகிவிட்ட காட்டில், பத்ரா ஆற்றின் தலைப்பகுதியில் அதன் சுரங்கம் இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஆணைப்படி 2005 டிசம்பர் 31 அன்று அங்குச் சுரங்கப்பணி நின்றது. தொழிலாளர் குடியிருப்பு வெறிச்சோடியது. லக்யா அணைக்குப் பின்னே தேங்கிய சேறு மட்டும் அங்கேயே இருக்கிறது. சுரங்கத்தின் வருமானம் நின்றபின்னும் அணையைக் காக்கும் செலவு நிற்பதில்லை.

இந்த இறுதிக்கணக்கை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் சுரங்க மூடல் திட்டம். சுண்ணாம்புக்கல், இரும்புத்தாது, பாக்சைட் போன்ற பெருங்கனிமங்களுக்கு இது கட்டாயம். 2017ஆம் ஆண்டுக் கனிமப் பாதுகாப்பு விதிகளின்படி குத்தகைதாரர் நிதிப் பிணையும் தர வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பின் 'அ' வகைச் சுரங்கத்துக்கு எக்டேருக்கு 5 இலட்சம் ரூபாய். 'ஆ' வகைக்கு 3 இலட்சம். இறுதி மூடல் திட்டத்தை உரிய காலத்தில் தராவிட்டால் பிணை பறிமுதலாகும். பெரும்பாலும் இப்பிணை வங்கி உத்தரவாதமாகவே தரப்படுகிறது. அதாவது, வெட்டிய குழியைச் சீர்செய்யும் கடமைக்கு ஏதோ ஒரு வங்கிக் கிளை கையெழுத்திட்டிருக்கிறது.

நூறு எக்டேர் 'அ' வகைச் சுரங்கத்துக்கு இது 5 கோடி ரூபாய். குழியை நிரப்பி, சரிவைத் தாங்கச் செய்து, மண்பரப்பி, மரம் வளர்த்து, நீரைப் பல ஆண்டுகள் சோதிக்க இத்தொகை போதுமா என்பது நியாயமான கேள்வி. எனவே மூடும் செலவுக்கென ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று நிறுவனத்தின் நிதிநிலை அறிக்கையைப் பார்க்க வேண்டும். இலக்குப் பக்கத்தில் பசுமையான படங்கள் இருந்தும், ஒதுக்கீட்டுப் பக்கம் வெறுமையாக இருந்தால், முன்னதை நம்புவதற்கில்லை.

நம் வாசலுக்கு வரும் கேள்வி

பெரிய நிறுவனங்களின் மூன்றாம் வகை உமிழ்வில் ஒரு பகுதி சிறு நிறுவனங்களின் முதலிரு வகை உமிழ்வே. கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி வார்ப்பவரும், கோவையில் உதிரிபாகம் கடைபவரும், வாளையாறு வழியே சரக்கேற்றும் லாரி உரிமையாளரும் இனி மின்கட்டணச் சீட்டையும் டீசல் கணக்கையும் கேட்கும் கடிதங்களை எதிர்பார்க்கலாம். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட் முதலியவற்றின் இறக்குமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல் எல்லைக் கரிமக் கட்டணப் பொறுப்பை நடைமுறைப்படுத்துகிறது. மாதந்தோறும் யூனிட், லிட்டர், டன் ஆகிய மூன்றையும் ஒரு பேரேட்டில் குறித்துவரும் சிறு தொழில்முனைவோர், அந்தக் கடிதம் வரும் நாளில் தடுமாற மாட்டார்.

முதலீட்டாளராக இருப்பவருக்கும் வழி உண்டு. செபி விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களிலுள்ள நிறுவனங்கள் 2022–23 முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் வெளியிடுகின்றன. ஒன்பது கொள்கைகள் கொண்ட அவ்வறிக்கையில் ஆறாவது கொள்கை சுற்றுச்சூழலைப் பற்றியது. ஆற்றல், நீர், உமிழ்வு, கழிவு ஆகியவற்றின் நடப்பாண்டு எண்ணும் முந்தைய ஆண்டு எண்ணும் அங்கே அருகருகே அச்சிடப்பட்டிருக்கும். நீர்த் தட்டுப்பாடுள்ள இடங்களில் எடுத்த நீரைத் தனியே காட்டும் பகுதியும் உண்டு. அது விருப்பத்துக்கு விடப்பட்டது. அதை நிரப்பிய நிறுவனத்துக்கும் வெற்றாக விட்ட நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாட்டை வாசகரே உணர்வார்.

சுரங்கத்தின் அருகில் வாழ்பவருக்கு உள்ள உரிமைகள் வேறு. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், குத்தகைதாரர் செலுத்தும் உரிமத்தொகையில் 10 அல்லது 30 விழுக்காட்டுக்கு ஈடான தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சேர்கிறது. அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் உரிய பணம். கல்குவாரி போன்ற சிறுகனிமங்களுக்கு மாநில விதிகள் பொருந்தும். அங்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

எவ்வளவு? எப்போதுக்குள்? எந்த இடத்தில்? யார் அளப்பது? தவறினால் என்ன? வேலந்தாவளத்து உழவர் தம் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் பார்க்கும்போது அவர் கையிலுள்ள கயிறு பொய் சொல்வதில்லை. நிறுவனங்களின் இலக்குகளுக்கும் அத்தகைய கயிறு ஒன்று வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை, அவர்களுக்குப் பணம் தந்தவர்கள் என்ற முறையில் நமக்கும், அவர்களுக்கு நிலமும் நீரும் தந்தவர்கள் என்ற முறையில் அவ்வூர் மக்களுக்கும் உண்டு.